எடுத்துக்காட்டு வாக்கியத்தை யார் எழுதுவது?

ஆய்வுப் படிப்பில் சேர்ந்த முதல் ஆண்டு, துறைக் கருத்தரங்கில் ஒரு கட்டுரை வாசித்தேன். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய 'பறையன்' இதழைப் பற்றிய கட்டுரை அது. நான் தமிழ்வழியில் படித்து, அரசுக் கலைக் கல்லூரியில் முதுகலை முடித்தவள். ஓர் அவையில் ஆங்கிலத்தில் பேசுவது அதுவே முதல்முறை. இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதினேன். முதல் பத்தியிலேயே சீனிவாசனை 'எ நோட்டோரியஸ் எடிட்டர்' என்று குறிப்பிட்டிருந்தேன். புகழ்பெற்ற இதழாசிரியர் என்று சொல்வதாக நினைப்பு. 'ஃபேமஸ்' என்பது சின்னப் பிள்ளைகளின் சொல்லாகத் தோன்றியது. ஆய்வாளர் என்றால் பெரிய சொல்லாகப் போட வேண்டும் என்று தேடி எடுத்துப் போட்டேன்.

அறையில் சிரிப்பு எழுந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பேராசிரியர், "அவர் செய்த குற்றம் என்ன?" என்று கேட்டார். மறுபடியும் சிரிப்பு. ஏன் சிரிக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். விடுதிக்குத் திரும்பி அகராதியைப் புரட்டியபோதுதான் விளங்கியது. கெட்ட காரியத்தால் பெயரெடுத்தவரைத்தான் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். நம் மக்களுக்காக இதழ் நடத்தியவரை, லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்து வாதாடியவரை, ஒரு கேடியாக அந்த அவைக்கு அறிமுகம் செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

அந்தச் சொல் என்னிடம் வந்த வழியைச் சொல்ல வேண்டும். கல்லூரி நாட்களில் பேருந்து நிலையக் கடையில் ஒரு புத்தகம் வாங்கினேன். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள், ஒரு சொல்லுக்கு ஒரு வரி. 'நோட்டோரியஸ் – பேர்போன' என்று அதில் இருந்தது. அது பொய்யில்லை. ஆனால் தமிழில் மல்லிகைக்குப் பேர்போன ஊரும் உண்டு, திருட்டுக்குப் பேர்போன ஊரும் உண்டு. ஆங்கிலச் சொல்லோ இரண்டாவது ஊருக்கு மட்டும்தான் போகும். ஒற்றை வரிப் பட்டியலால் இதைச் சொல்ல முடியாது. ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் இருந்திருந்தால் சொல்லியிருக்கும்.

அந்த அறையில் சிரித்தவர்களில் பலரைவிட அன்று எனக்கு அதிகமான ஆங்கிலச் சொற்கள் மனப்பாடமாகத் தெரியும். இதை வீம்புக்குச் சொல்லவில்லை. விடியற்காலை எழுந்து, நாளுக்கு ஐம்பது சொல் என்று கணக்கு வைத்து உருப்போட்டவள் நான். அவர்களோ எந்தப் பட்டியலையும் படித்ததில்லை. 'நோட்டோரியஸ்' என்ற சொல்லை வீட்டுக்கு வரும் ஆங்கில நாளிதழில் ஒரு கிரிமினலின் பெயருக்கு முன்னால் பார்த்திருப்பார்கள். அப்பா போனில் யாரையோ திட்டும்போது கேட்டிருப்பார்கள். அதன் பொருளை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஆயிரம் வாக்கியங்களைக் காதில் வாங்கியதால் அது தானாகப் படிந்தது. என் அம்மா கரும்பு வெட்டப் போனவர். எங்கள் வீட்டில் ஆங்கிலம் ரேஷன் கார்டிலும் மருந்துச் சீட்டிலும் மட்டும்தான் இருந்தது. அவர்கள் கேட்டு வளர்ந்த வாக்கியங்களை நான் கேட்டதில்லை. எங்களுக்குள் இருந்த வித்தியாசம் இவ்வளவுதான். இந்த வித்தியாசத்துக்குத்தான் பல்கலைக்கழகங்களில் 'மெரிட்' என்று பெயர்.

சொல்லைத் தனியாகப் பிடுங்கிக் கொடுத்தால் பயன்படாது என்பதை அகராதிக்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் டாக்காவில் வங்காளப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். அவர் 1935இல் வெளியிட்ட அகராதியில், 1,490 எளிய சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றெல்லாச் சொற்களுக்கும் விளக்கம் எழுதினார். தெரியாத சொல்லுக்குத் தெரியாத சொல்லால் பொருள் சொல்லக் கூடாது என்பது அவர் கொள்கை. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி, தம் மாணவர்கள் பொருள் தெரிந்திருந்தும் வாக்கியத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்தார். எந்தச் சொல்லுக்குப் பின் எது வரும் என்பதைச் சேர்த்துக் காட்டும் அகராதியை 1942இல் டோக்கியோவில் வெளியிட்டார். இன்று நாம் பயன்படுத்தும் ஆக்ஸ்போர்டு மாணவர் அகராதி அதன் வழியில் வந்ததுதான். 1987இல் பர்மிங்ஹாமில் ஜான் சின்க்ளேர் குழுவினர் கொண்டுவந்த கோபில்ட் அகராதி இன்னும் ஒரு படி மேலே போனது. பொருளையே முழு வாக்கியமாக எழுதியது. அந்த முறையில் நான் எழுதினால் இப்படி வரும்: 'ஒருவரை நோட்டோரியஸ் என்று சொன்னால், அவர் ஏதோ கெட்ட செயலுக்காகப் பலருக்கும் தெரிந்தவர் என்று பொருள்.' இந்த ஒரு வரி அன்று என் கையில் இருந்திருந்தால் நான் அவமானப்பட்டிருக்க மாட்டேன்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் ஜி.ஆர்.ஈ. தேர்விலும் 2011 வரை எதிர்ச்சொல், சொல்லிணை என்று தனிச் சொற்களைக் கேட்டார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் அவற்றை நீக்கிவிட்டு, வாக்கியத்தில் விட்ட இடத்தை நிரப்பும் கேள்விகளைக் கொண்டுவந்தார்கள். தேர்வு மாறியும் நம் விடுதிகளில் அந்தப் பழைய பட்டியல்கள்தான் நகலெடுத்துச் சுற்றுகின்றன. மூன்றாயிரம் சொல், ஐயாயிரம் சொல் என்று. அதில் பாதியை எந்த ஆய்வுக் கட்டுரையிலும் நாம் சந்திக்கப் போவதில்லை.

அப்படியென்றால் எந்தச் சொற்களைப் படிப்பது? நியூசிலாந்தைச் சேர்ந்த அவெரில் காக்ஸ்ஹெட் என்பவர் பல துறைகளின் கல்வி நூல்களையும் கட்டுரைகளையும் அலசி, 2000இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 570 சொற்குடும்பங்கள் உள்ளன. ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் ஈராயிரம் சொற்களுக்கு மேல், கல்வி எழுத்தில் திரும்பத் திரும்ப வருபவை இவை. ஒரு கட்டுரையின் மொத்தச் சொற்களில் சுமார் பத்தில் ஒரு பங்கு இவைதான். இவற்றில் ஆடம்பரமான சொல் எதுவும் கிடையாது. டிரைவ், இம்ப்ளை, கன்ஸ்ட்ரெய்ன், ஆல்பீட் என்று சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் நம்மைத் தடுக்கி விழவைப்பவை இவைதான்.

அந்தப் பட்டியலில் 'அடெக்வேட்' உண்டு, 'ப்ரபோர்ஷன்' உண்டு. முதலாவதற்குப் 'போதுமான' என்று பொருள். இரண்டாவது 'விகிதம்'. ஒப்பிக்க ஐந்து நொடி போதும். இப்போது அரசமைப்புச் சட்டத்தின் 16(4) பிரிவைப் பாருங்கள். அரசுப் பணிகளில் 'அடெக்வேட்' ஆகப் பிரதிநிதித்துவம் பெறாத பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு இடஒதுக்கீடு செய்யலாம் என்கிறது அது. 1992இல் மண்டல் வழக்கில் உச்சநீதிமன்றம், இங்கே சொல்லப்பட்டிருப்பது 'அடெக்வேட்' பிரதிநிதித்துவம்தான், 'ப்ரபோர்ஷனேட்' பிரதிநிதித்துவம் அல்ல என்று சுட்டிக்காட்டியது. அதாவது, மக்கள்தொகை விகிதப்படி கேட்க அந்தப் பிரிவு உரிமை தரவில்லை என்றது. போதுமானது எது என்று முடிவு செய்வது யார்? விகிதப்படி என்று ஏன் எழுதவில்லை? இடஒதுக்கீட்டு அரசியலின் பாதிச் சண்டை இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் நடக்கிறது. இரண்டையும் ஒரே மாதிரி ஒப்பித்துவிட்டுப் போகிற மாணவருக்கு, தன்னிடமிருந்து என்ன எடுக்கப்படுகிறது என்பதே தெரியாமல் போகும்.

கருத்தரங்கில் நேர்ந்தது என்னோடு போயிற்று. இன்னொரு சொல்லால் நேர்ந்தது அப்படிப் போகவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த கோடையில் பெரியப்பா ஒரு பழுப்பேறிய காகிதத்தை எடுத்துவந்து என்னிடம் கொடுத்தார். அவருடைய அப்பாவுக்கு வெள்ளைக்காரன் காலத்தில் கிடைத்த நிலத்தின் ஒப்படைப்பு ஆணை நகல். எல்லாம் ஆங்கிலம். "என்னா போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லும்மா" என்றார். தெருவில் நான்தான் ஆங்கிலம் தெரிந்த பிள்ளை. நிபந்தனைப் பகுதியில் 'ஏலியனேட்' செய்யக் கூடாது என்று இருந்தது. என் பட்டியலில் பார்த்தேன். 'அந்நியப்படுத்து' என்று போட்டிருந்தது. "அந்நியங்களுக்கு, அதாவது வெளிநாட்டுக்காரங்களுக்குக் குடுக்கக் கூடாதாம் பெரியப்பா" என்று சொன்னேன். பெரியப்பா சிரித்தார். "நம்ம கொல்லிய எந்த வெள்ளக்காரன் வந்து கேக்கப் போறான்?" என்றார். அந்த ஆண்டே, மகள் கல்யாணக் கடனுக்காக, ஒன்றரை ஏக்கரையும் ஊர்த்தெருக்காரர் ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அது பஞ்சமி நிலம். செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்கீர் 1891இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சியாக, 1892இல் பிறந்த ஆணையின் வழிவந்த நிலம். அந்த நிலத்துக்கான நிபந்தனை இது: முதல் பத்தாண்டு யாருக்கும் கைமாற்றக் கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் அல்லாத எவருக்கும் கைமாற்றக் கூடாது. நிலச் சட்டத்தில் 'ஏலியனேட்' என்றால் விற்பது, அடமானம் வைப்பது, தானம் கொடுப்பது என எந்த வழியிலாவது உரிமையை அடுத்தவருக்கு மாற்றுவது. இது எனக்குத் தெரிந்தது, பஞ்சமி நிலப் பதிவேடுகளை ஆய்வுப் பொருளாக எடுத்து ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்த பிறகு. பெரியப்பா அப்போது இல்லை.

அந்த ஒரு சொல்லால் மட்டும் நிலம் போனது என்று சொல்ல மாட்டேன். கடன் இருந்தது, வட்டி இருந்தது, கேட்டவரிடம் மறுக்க முடியாத நிலைமையும் இருந்தது. ஆனால் 'இதை அவங்களுக்கு விக்கவே முடியாது' என்று அன்று நான் சொல்லியிருந்தால், பெரியப்பாவிடம் மறுப்பதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். 1994இல் காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தை ஒட்டி நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்களை இழந்தோம். அவர்கள் உயிரைக் கொடுத்துக் கேட்ட நிலத்தின் நிபந்தனை, எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில், எனக்குப் படிக்கத் தெரியாத ஒரு சொல்லில் கிடந்திருக்கிறது.

இதற்குப் பிறகுதான் எங்கள் ஊர் அம்பேத்கர் மன்றத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பைத் தொடங்கினேன். பதினான்கு பேர் வருகிறார்கள். கல்லூரியில் படிப்பவர்கள், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், ஆய்வில் சேர நினைக்கும் இருவர். எங்கள் முறை எளிமையானது. ஒரு சொல்லுக்கு நோட்டில் ஐந்து வரி. முதல் வரியில் சொல்லும் அதன் உச்சரிப்பும். இரண்டாவதில் எளிய சொற்களில் பொருள். மூன்றாவதில் அது எந்தச் சொற்களோடு சேர்ந்து வரும் என்பது. நான்காவதில் அகராதியில் உள்ள எடுத்துக்காட்டு வாக்கியம். ஐந்தாவதில் நம் ஊரை வைத்து நாமே எழுதும் வாக்கியம். வாரத்துக்குப் பத்துச் சொல்தான். மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை பொருளை மூடிவைத்துக்கொண்டு நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது வரிதான் எங்கள் வகுப்பின் உயிர். அகராதியின் வாக்கியங்களில் படகு வைத்திருப்பவர்களும் விருந்துக்கு ஒயின் தேர்ந்தெடுப்பவர்களும் வருவார்கள். அவை தவறான வாக்கியங்கள் அல்ல. ஆனால் நம் பிள்ளைகளுக்கு அவை பிடி கொடுப்பதில்லை. தனக்குத் தெரிந்த ஒன்றில் மாட்டிவைத்தால்தான் சொல் மனதில் தங்கும். மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய சில வாக்கியங்களின் சாரத்தை இங்கே தமிழில் தருகிறேன்.

'டேசிட்': வாய்விட்டுச் சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்திருப்பது. அக்ரிமெண்ட், அப்ரூவல் போன்ற சொற்களுக்கு முன்னால் வரும். மாணவர் எழுதியது: 'டீக்கடையில் எங்களுக்குத் தனி டம்ளர் என்று எந்தப் பலகையும் இல்லை. ஆனால் எது எங்கள் டம்ளர் என்பதில் ஊருக்குள் டேசிட் அக்ரிமெண்ட் இருந்தது.'

'ஆஸ்டென்சிபிள்': வெளியே சொல்லப்படுகிற, உண்மை வேறாக இருக்கக்கூடிய. ரீசன், பர்பஸ் ஆகியவற்றோடு சேரும். 'தேர் எங்கள் தெருவுக்கு வராததற்கு ஆஸ்டென்சிபிள் காரணம், தெரு குறுகல் என்பது. கரும்பு லாரி தினமும் வந்து போகிறது.'

'இம்ப்யூனிட்டி': எதைச் செய்தாலும் தண்டனை வராது என்கிற நிலை. பெரும்பாலும் இதற்கு முன்னால் 'வித்' வரும். '1968இல் வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். குற்றம்சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர்நீதிமன்றம் விடுவித்தபோது, வித் இம்ப்யூனிட்டி என்பதற்கு நாடு பொருள் தெரிந்துகொண்டது.'

'அக்வியெஸ்': மனம் ஒப்பாவிட்டாலும் எதிர்க்காமல் இணங்கிப்போவது. இதற்குப் பின்னால் 'இன்' அல்லது 'டு' வரும். ஒரு தம்பி எழுதினான்: 'என் தாத்தா ஊர்த்தெருவில் நடக்கும்போது துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். அவர் அக்வியெஸ் செய்தார்.' இதற்கு வகுப்பில் பெரிய சண்டையே வந்தது. "உங்க தாத்தா இணங்கிப் போவல, உயிரோட இருக்கணும்னு பாத்தாரு. ரெண்டும் ஒண்ணா?" என்று ஒரு பெண் கேட்டாள். சம்மதிப்பது, இணங்கிப்போவது, கட்டாயத்துக்கு உட்படுவது ஆகிய மூன்றுக்கும் மூன்று ஆங்கிலச் சொற்களை அன்று தேடி எடுத்தோம். கன்சென்ட், அக்வியெஸ், சப்மிட். அரை மணி நேரச் சண்டையில் மூன்று சொல்லும் தங்கிவிட்டன. எந்தப் பயிற்சி மையமும் இதை இப்படிச் சொல்லித்தர முடியாது.

இன்னொன்றும் செய்கிறோம். அம்பேத்கரை ஆங்கிலத்தில் வாசிக்கிறோம். 1936இல் வெளிவந்த 'சாதி ஒழிப்பு' உரையில் 'எண்டாஸ்மாசிஸ்' என்றொரு சொல் வரும். ஒரு சவ்வின் வழியாகத் திரவம் உள்ளே ஊடுருவுவதைக் குறிக்கும் அறிவியல் சொல். கொலம்பியாவில் அவருக்கு ஆசிரியராக இருந்த ஜான் டூயி அதைச் சமூகத்துக்குப் பொருத்தி எழுதியிருந்தார். அம்பேத்கர் அதை எடுத்துச் சாதிச் சமூகத்தின் முன்னால் வைத்தார். குழுக்களுக்கு இடையே ஊடுருவலே நடக்காத சமூகம் எப்படிச் சமூகமாகும் என்று கேட்பதற்கு அவருக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது. கடினமான சொல்லைப் பயன்படுத்துவதில் தவறில்லை. அது எதற்காக என்பதுதான் கேள்வி. நான் 'நோட்டோரியஸ்' போட்டது, நானும் பெரிய ஆள்தான் என்று காட்ட. அம்பேத்கர் 'எண்டாஸ்மாசிஸ்' போட்டது, வேறு சொல்லால் அதைச் சொல்ல முடியாததால்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு. கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி தன் பயிற்சிப் புத்தகத்தை எடுத்துவந்து காட்டினாள். உயர்நிலைச் சொற்கள் பட்டியலில் 'பரையா' என்று இருந்தது. பொருள்: சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர், யாரும் சேர்த்துக்கொள்ளாதவர். எடுத்துக்காட்டு: 'ஊழல் வெளியானபின் அவர் கட்சியில் ஒரு பரையா ஆனார்.' அவள் மெதுவாகக் கேட்டாள், "அக்கா, இது நம்ம பேருதானே?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. ஆமாம் என்றேன். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் நுழைந்துவிட்ட தமிழ்ச்சொல் அது. பறையர் என்ற மக்களின் பெயர். நாளடைவில் ஒதுக்கப்பட்ட எவரையும், எதையும் குறிக்கும் பொதுச்சொல்லாக்கிவிட்டார்கள். தெருநாய்க்கு 'பரையா டாக்' என்று பெயர் வைத்தார்கள். உலக நாடுகள் ஒதுக்கிவைக்கும் நாட்டை 'பரையா ஸ்டேட்' என்று இன்றும் பெரிய பத்திரிகைகள் கூசாமல் எழுதுகின்றன. கட்டுமரமும் சுருட்டும்கூடத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவைதான். அவை பொருள்களாகவே போய்ச் சேர்ந்தன. நம்மை மட்டும் வசவாகக் கொண்டுபோனார்கள். திரமென்கீர் நமக்கு நிலம் வேண்டும் என்று எழுதிய அறிக்கையின் தலைப்பிலும் இந்தச் சொல்தான் இருந்தது. அதே பெயரைத்தான் இரண்டு ஆண்டு கழித்துச் சீனிவாசன் தம் இதழின் முகப்பில் அச்சடித்தார். எந்தப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ, அந்தப் பெயரிலேயே நிமிர்ந்து நின்று உரிமை கேட்டார். பிறகு எம்.சி. ராஜா போன்றோரின் முயற்சியால் 1922இல் சென்னை மாகாண அரசு தன் ஆவணங்களில் ஆதிதிராவிடர் என்ற பெயரை ஏற்றது. அரசு ஆவணம் மாறியது. ஆங்கில அகராதி மாறவில்லை.

"தேர்வுல வந்தா என்னக்கா எழுதறது?" என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: பொருளைத் தெரிந்துகொள். தேர்வில் வந்தால் சரியான விடையைக் குறி. மதிப்பெண்ணை விட்டுவிடாதே. ஆனால் நீ எழுதும்போது அந்தச் சொல்லை அந்தப் பொருளில் எழுதாதே. ஒதுக்கிவைப்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் 'ஷன்' இருக்கிறது, 'ஆஸ்ட்ரசைஸ்' இருக்கிறது. இரண்டாவது கிரேக்கத்திலிருந்து வந்தது. பழைய ஏதென்சில் ஒருவரை நாடுகடத்த, மக்கள் பானையோட்டில் பெயர் எழுதி வாக்களித்தார்களாம். அந்தப் பானையோட்டின் பெயர்தான் அந்தச் சொல்லின் வேர். இவை வினைச்சொற்கள். ஒதுக்குகிறவர் யார் என்று எழுவாய் கேட்கும். 'பரையா' பெயர்ச்சொல். ஒதுக்கப்பட்டவரை மட்டும் காட்டிவிட்டு, ஒதுக்கியவரை மறைத்துவிடும்.

அந்த மாணவி அன்று ஐந்தாவது வரியில் ஒன்றும் எழுதவில்லை. அடுத்த வாரம் எழுதிக்கொண்டு வந்தாள். தமிழில் இப்படி வரும்: 'பரையா என்பது என் கொள்ளுத்தாத்தாவின் சாதிப் பெயர். அதை வசவாக மாற்றியவர்களின் பெயர் எந்தச் சொற்பட்டியலிலும் இல்லை.' ஆங்கிலத்தில் ஓர் இலக்கணப் பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன். வகுப்பில் எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

நான் இதைச் சொல்லும்போதெல்லாம் இரண்டு எதிர்ப்புகள் வருகின்றன. ஒன்று, தமிழ் இருக்கும்போது ஆங்கிலத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்பது. பெரும்பாலும், தம் பிள்ளைகளை ஆங்கிலவழியில் சேர்த்துவிட்டு வந்தவர்கள் கேட்கும் கேள்வி இது. சாவித்திரிபாய் பூலே 1854இல் வெளியிட்ட தம் கவிதைத் தொகுப்பிலேயே ஆங்கிலம் படிக்கச் சொல்லி நம் மக்களை அழைத்தவர். தமிழில்தான் சிந்திக்கிறேன், தமிழில்தான் இதை எழுதுகிறேன். ஆனால் என் பெரியப்பாவின் நிலத்தை எடுத்துக்கொண்டவர்கள் தமிழில் எழுதிய ஆணையை மீறவில்லை. இன்னொன்று எதிர்த்திசையிலிருந்து வருவது, ஆங்கிலமே விடுதலை என்பது. உத்தரப் பிரதேசத்தில் பாங்கா என்ற ஊரில் 2010இல் ஆங்கிலத் தேவிக்கு ஒரு கோயிலே கட்டத் தொடங்கினார்கள். அந்த வேட்கை எனக்குப் புரிகிறது. அதன் வலியும் புரிகிறது. ஆனால் கும்பிடுவதற்கு எனக்கு ஒரு மொழி வேண்டாம். ஆவணத்தைப் படிக்கவும், எதிர்த்து எழுதவும் வேண்டும். ஆங்கிலம் தெரிந்துவிட்டால் சாதி விட்டுவிடாது. கருத்தரங்க அறையில் இருந்த எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும். சாதியும் அங்கேதான் இருந்தது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது அரசுக்கு. ஆதிதிராவிடர் நல விடுதிகள் ஒவ்வொன்றிலும் நல்ல மாணவர் அகராதிகளும், உட்கார்ந்து படிக்க வெளிச்சமுள்ள ஓர் அறையும் வேண்டும். இது சலுகை இல்லை. வீட்டில் நாளிதழாகவும் பேச்சாகவும் சிலருக்குக் கிடைப்பதை, மற்றவர்களுக்குப் பொதுச்செலவில் கொடுப்பது.

இரண்டாவது நமக்கு. மன்றங்களும் இரவுப் பள்ளிகளும் இதைக் கையில் எடுக்க வேண்டும். வாரம் பத்துச் சொல் என்றால் 570 சொற்களை முடிக்க 57 வாரம். ஓர் ஆண்டும் கொஞ்சமும். நல்ல அகராதிகள் இன்று கைப்பேசியிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. பொருளை அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது வரியை மட்டும் யாரிடமும் கடன் வாங்காதீர்கள். பத்து ஊர்களின் நோட்டுகள் சேர்ந்தால், நம் பிள்ளைகளுக்கு நம் வாழ்க்கையை வைத்து ஆங்கிலம் சொல்லித்தரும் ஒரு சொற்களஞ்சியம் தயாராகிவிடும்.

போன மாதம் பெரியம்மாவின் பெயரில், நிலத்தை மீட்டுத் தரக் கேட்டு ஒரு மனு எழுதினோம். ஒப்படைப்பு ஆணையின் நகலை இணைத்து, நிபந்தனை வரியை அப்படியே எடுத்துக்காட்டி, 'ஏலியனேட்' என்றால் என்ன என்று ஒரு வரியில் விளக்கமும் சேர்த்தோம். வகுப்பில் எல்லோரும் உட்கார்ந்து எழுதிய மனு அது. ஒப்புகைச் சீட்டு வந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை. அடுத்த ஞாயிறு 'பென்டிங்' என்ற சொல்லை எடுக்கலாம் என்கிறார்கள் பிள்ளைகள்.